ஏழாம் அத்தியாயம்: மெட்டாடேட்டா களஞ்சியத்தின் காப்புப் பிரதி

பல திசைகளிலிருந்து வந்து சேரும் தரவுகளைத் திரட்டி, பிழை நீக்கி, உருமாற்றி, ஒரு கிடங்கிற்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் அமைப்பை நிர்வகிக்கும் பொறுப்பு ஒருவரிடம் ஒப்படைக்கப்படும்போது, காப்புப் பிரதி என்றவுடன் அவர் மனம் கிடங்கிலுள்ள தரவையே முதலில் நாடுகிறது. ஸ்தாபனத்தின் மேலதிகாரிகள் தினமும் பார்ப்பதும், குறைந்தால் கேள்வி கேட்பதும் அதைப் பற்றியே ஆதலால் இது இயல்புதான். ஆயினும் கிடங்கு பாழானால் மூல அமைப்புகளிலிருந்து அதன் பெரும்பகுதியை, சிரமப்பட்டாவது, மறுபடி ஏற்றிக்கொள்ள இடமுண்டு. எந்தத் தரவை எங்கிருந்து எடுத்து, எந்த விதிப்படி மாற்றி, எந்த டேபிளில், எதற்குப் பின் எதை ஏற்றுவது என்ற ஞானம் முழுவதையும் தாங்கி நிற்கும் மெட்டாடேட்டா களஞ்சியம் பாழானாலோ, அதைத் திரும்பத் தோற்றுவிக்க வெளியில் எங்கும் மூலம் கிடையாது. நெல் போனால் அடுத்த போகத்தில் விளையும். கணக்கேடு போனால் யாரிடம் போய்க் கேட்பது?

இந்த அத்தியாயத்தில் இன்ஃபர்மேட்டிக்கா பவர்சென்டரை முன்வைத்தே பேசுவோம். கௌரவ் தில்லானும் டயஸ் நேசமணியும் கலிஃபோர்னியாவில் 1993-இல் தொடங்கிய ஸ்தாபனத்தின் சரக்கு இது. வங்கிகளிலும் காப்பீட்டு ஸ்தாபனங்களிலும் தொலைபேசி நிறுவனங்களிலும் நெடுங்காலமாக இரவு தோறும் உழைத்துவரும் மென்பொருள். மேகத்திற்கு மாறுவதைப் பற்றி எவ்வளவோ பேச்சு நடந்தும், பழைய சர்வர்களில் இது ஓடிக்கொண்டிருக்கும் வரை அதற்குக் காவல் நிற்க ஆட்களும் தேவைப்படவே செய்வார்கள். வேறு கருவியை உபயோகிக்கிறவர்களுக்கு இங்கே வரும் கட்டளைகள் பொருந்தாவிட்டாலும், அவற்றின் பின்னுள்ள காரணங்கள் பெரும்பாலும் பொருந்தும்.

பவர்சென்டரின் களஞ்சியம் என்பது ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர், டிபி2 போன்ற ஏதேனும் ஒரு டேட்டாபேஸில் இருக்கும் நூற்றுக்கணக்கான டேபிள்களே அன்றி வேறில்லை. அவற்றின் பெயர்கள் ‘ஓபிபி’ என்ற முன்னொட்டோடு தொடங்கும். ரெபாசிட்டரி சர்வீஸ் என்ற இடைத்தரகரைத் தவிர வேறு யாரும் அவற்றில் நேரடியாக எழுதக் கூடாது என்பது பாலபாடம். அந்த டேபிள்களில் இருப்பவை இரண்டு இனத்தவை என்பதைப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் நிர்வாகிகளிடையே போதிய அளவு இல்லை என்பது என் அபிப்பிராயம். காப்புப் பிரதி விஷயத்தில் நேரும் விபரீதங்களில் பாதிக்குமேல் இந்தப் பாகுபாட்டை அறியாததால் வருபவையே.

முதல் இனம் வடிவமைப்பு. மேப்பிங்குகள், செஷன்கள், வொர்க்ஃப்ளோக்கள், மூல, இலக்கு வரையறைகள், டேட்டாபேஸ் இணைப்புகள் ஆகியவை இதில் அடங்கும். ஒரு டெவலப்பர் உட்கார்ந்து மாற்றினாலொழிய இவை மாறா. இரண்டாம் இனம் நடப்பு நிலை. இது யாரும் கைவைக்காமலே இரவுக்கு இரவு தானாக மாறுகிறது. சீக்வென்ஸ் ஜெனரேட்டர் அடுத்துக் கொடுக்க வேண்டிய எண் களஞ்சியத்தில்தான் எழுதப்படுகிறது. ‘நேற்று எந்தத் தேதி வரை எடுத்தோம்’ என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளும் மேப்பிங் வேரியபிளின் மதிப்பு, செஷன் வெற்றியாக முடிந்தவுடன் அங்கேதான் பதிவாகிறது. எந்த வொர்க்ஃப்ளோ எப்போது ஓடி எப்படி முடிந்தது என்ற வரலாறும் அங்கேதான் சேர்கிறது. ஆகவே ஒரு வாரத்துக்கு முந்தைய பிரதியை எடுத்து மீட்கிறவர், வடிவமைப்பை மட்டும் திரும்பப் பெறுவதில்லை. அமைப்பின் ஞாபகத்தையே ஒரு வாரம் பின்னுக்குத் தள்ளுகிறார். கிடங்கோ அவரோடு பின்னுக்குப் போக மறுத்து, இன்றைய நிலையிலேயே நிற்கிறது.

பிரதி எடுக்க மூன்று வழிகள் வழக்கத்தில் உள்ளன. அவற்றுள் முறையானது பிஎம்ரெப் என்ற கட்டளை நிரலின் பேக்கப் கட்டளை. அட்மினிஸ்ட்ரேட்டர் திரையில் பொத்தானை அழுத்தினாலும் நடப்பது இதே காரியம்தான். களஞ்சியத்தில் உள்ள பொருள்கள், இணைப்பு விவரங்கள், கோட் பேஜ் பற்றிய தகவல் எல்லாவற்றையும் ‘ரெப்’ என்ற வால்பெயருள்ள ஒரே பைனரி கோப்பாகக் கட்டித் தரும். அந்த வால்பெயரை மாற்றாமல் வைப்பது நல்லது. வேறு பெயர் கொடுத்தால் அட்மினிஸ்ட்ரேட்டர் திரையின் பட்டியலில் அது தென்படாது. ஆரக்கிளில் எடுத்த பிரதியை எஸ்க்யூஎல் சர்வரில் மீட்கலாம் என்பது இம்முறையின் தனிச்சிறப்பு. இரண்டாவது வழி டேட்டாபேஸ் நிர்வாகி எடுக்கும் பிரதி. களஞ்சியம் இருக்கும் ஆரக்கிளுக்கு ஆர்மேன் மூலம் அவர் நாள்தோறும் பிரதி எடுத்து, ஆர்கைவ் லாகுகளையும் பத்திரப்படுத்தி வைத்திருந்தால், புதன்கிழமை மாலை 4 மணி 10 நிமிஷத்தில் இருந்த நிலைக்கே களஞ்சியத்தைக் கொண்டுவர முடியும். இது பிஎம்ரெப்பால் ஆகாத காரியம். இரண்டில் ஒன்று போதும் என்று வாதிடுகிறவர்களிடம் நான் உடன்படுவதில்லை: இரண்டும் வேண்டும், இரண்டும் வெவ்வேறு விபத்துக்கு. மூன்றாவது வழியாகச் சிலர் சொல்வது, மேப்பிங்குகளை எக்ஸ்எம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்து வைப்பது. அதில் பழைய வெர்ஷன்களின் வரிசை வராது, இணைப்புகளின் பாஸ்வேர்ட் வராது, ஓட்ட வரலாறும் வராது. ஒரு மேப்பிங்கை இன்னொரு இடத்துக்கு அனுப்ப அது சௌகரியமான சாதனம். காப்புப் பிரதி என்ற பெயருக்கு அது தகாது.

பிஎம்ரெப்பை உபயோகிக்கும் முறையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. முதலில் கனெக்ட் கட்டளையால் களஞ்சியத்தோடு தொடர்பு ஏற்படுத்திக்கொண்டு, பிறகு பேக்கப் கட்டளையை இட வேண்டும். ஸ்கிரிப்டில் பாஸ்வேர்டை வெளிப்படையாக எழுதி வைக்கும் வழக்கம் இன்னும் பல இடங்களில் காணப்படுகிறது. பிஎம்பாஸ்வேர்ட் நிரலால் அதை மறையெழுத்தாக்கி, என்விரான்மென்ட் வேரியபிளில் வைத்து, அதன் பெயரை மட்டும் கட்டளையில் குறிப்பிடுவதே முறை. அதைவிட நுட்பமான ஓர் ஆபத்தும் இருக்கிறது. கனெக்ட் கட்டளை தன் தொடர்பு விவரத்தை ஒரு சிறு கோப்பில் எழுதி வைக்கிறது. அடுத்து வரும் கட்டளைகள் அந்தக் கோப்பைப் படித்தே எந்தக் களஞ்சியம் என்று தெரிந்துகொள்கின்றன. ஒரே சர்வரில் ஒரே பயனரின் பெயரில், இரவு 2 மணிக்கு இரண்டு ஸ்கிரிப்டுகள் இரண்டு களஞ்சியங்களுக்குப் பிரதி எடுக்கப் புறப்பட்டால், ஒன்றின் கோப்பை மற்றது அழித்தெழுதி, ‘தயாரிப்பு’ என்று பெயரிட்ட கோப்புக்குள் பரிசோதனைக் களஞ்சியம் போய் உட்கார்ந்துகொள்வது சாத்தியம். இரண்டும் வெற்றியென்றே முடியும், கோப்புகளும் இருக்கும், பெயரும் சரியாக இருக்கும். ‘இன்ஃபா ரெப்சிஎன்எக்ஸ் இன்ஃபோ’ என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் ஒவ்வொரு ஸ்கிரிப்டுக்கும் தனித்தனிக் கோப்புப் பெயர் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை எழாது.

பேக்கப் கட்டளையில் சில பகுதிகளை விட்டுவிடும் வசதியும் உண்டு. வொர்க்ஃப்ளோ, செஷன் ஓட்டங்களின் வரலாற்றை விடலாம். டிப்ளாய்மென்ட் குரூப்புகளின் வரலாற்றை விடலாம். ஐந்தாறு வருஷம் துடைக்கப்படாமல் கிடந்த களஞ்சியத்தில், மேப்பிங்குகளைவிட இந்த வரலாறே பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதைக் காணலாம். அப்படிப்பட்ட இடத்தில் பிரதி எடுக்கவும் நேரம், மீட்கவும் நேரம். ஆனால் விடுவதைவிட, ட்ரன்கேட்லாக் கட்டளையால் பழைய வரலாற்றை ஒரு தேதி வரை களைந்துவிட்டு, எஞ்சியதை முழுமையாகவே பிரதி எடுப்பது மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. விபத்துக்கு மறுநாள் காலையில் ‘கடைசியாக எந்த செஷன் எத்தனை மணிக்கு முடிந்தது’ என்பதே முதல் கேள்வியாக எழும். அதற்கு விடை சொல்வது இந்த வரலாறுதான்.

கோப்பு எங்கே போய் விழுகிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பாதை குறிப்பிடாவிட்டால் அது சர்வீஸ் ஓடும் நோடின் பேக்கப் டைரக்டரியில் உண்டாகும். அதாவது எந்த இயந்திரம் கெட்டால் பிரதி தேவைப்படுமோ, அதே இயந்திரத்தில். கட்டளை பூஜ்யத்தைத் திருப்பித் தந்ததா என்று பார்த்து, தந்தால் மட்டும் கோப்பை வேறு இயந்திரத்துக்கு நகல் எடுத்து, தராவிட்டால் ஓர் ஆளை எழுப்பும்படி ஸ்கிரிப்டை அமைப்பது அவசியம்.

எந்த நேரத்தில் எடுப்பது? களஞ்சியம் இயங்கிக்கொண்டிருக்கும்போதே எடுக்கலாம் என்பதால் பலர் நள்ளிரவை வைத்துக்கொள்கிறார்கள். அதுதான் ஏற்றங்கள் பாதியில் நிற்கும் நேரம். மேலே சொன்ன நடப்பு நிலையை மனத்தில் கொண்டால், இரவு ஏற்றங்கள் எல்லாம் முடிந்து, சீக்வென்ஸ் எண்களும் வேரியபிள் மதிப்புகளும் பதிவாகி, டெவலப்பர்கள் அலுவலகம் வருவதற்கு முன்னுள்ள விடியற்காலையே உசிதமான வேளை; கிடங்கின் பிரதியும் அதே இடைவெளியில் எடுக்கப்படுமானால், இரண்டும் ஒரே கணத்தைச் சேர்ந்த ஜோடியாக அமையும். இந்தத் தினசரிப் பிரதியைத் தவிர, மென்பொருளின் புதிய பதிப்புக்கு மாறுவதற்கு முன்பும், பெரிய டிப்ளாய்மென்ட்டுக்கு முன்பும் தனியாக ஒன்று எடுக்க வேண்டும் என்பதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

களஞ்சியத்தின் பிரதி மட்டும் கையில் இருந்தால் அமைப்பை எழுப்பிவிடலாம் என்று நம்புவது சரியல்ல. 8.5 பதிப்பு முதற்கொண்டு பயனர்களும் குழுக்களும் களஞ்சியத்தில் இல்லை. அவர்கள் டொமைன் என்ற மேலமைப்பின் டேட்டாபேஸுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். அதற்கு இன்ஃபாசெட்டப் நிரலின் பேக்கப்டொமைன் கட்டளையால் தனிப் பிரதி எடுக்க வேண்டும். டொமைனை நிறுத்திவிட்டே அதை இட வேண்டும் என்பதால், மாதாந்தரப் பராமரிப்பு நிறுத்தத்தோடு இதையும் சேர்த்துக்கொள்வது வசதி. வேறு டேட்டாபேஸுக்கு டொமைனை மாற்றி மீட்கிறவர்கள், லாகுகள் பதிவாகியுள்ள ‘ஐஎஸ்பி ரன் லாக்’ என்ற டேபிளை மட்டும் தாமாகவே தனியே நகலெடுத்துச் செல்ல வேண்டும். கட்டளை அதை எடுத்துச் செல்வதில்லை. இவற்றோடு, மறையாக்கத்துக்கான சைட்கீ என்ற கோப்பு ஒன்றுண்டு. அளவில் மிகச் சிறியது; ஆனால் அது இல்லாமற்போனால் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளைப் படிக்க டொமைனால் முடியாது. அதைக் களஞ்சியப் பிரதியோடு ஒரே இடத்தில் வைக்காமல் வேறிடத்தில் பூட்டி வைப்பது நலம். பாராமீட்டர் கோப்புகள், ஷெல் ஸ்கிரிப்டுகள், ஓடிபிசி அமைப்புக் கோப்பு, ஆரக்கிளின் டிஎன்எஸ் பெயர்க் கோப்பு ஆகியவையும் களஞ்சியத்துக்கு வெளியே சாதாரண டிஸ்க்கில் கிடப்பவை.

இனி மீட்பு. காலியான டேட்டாபேஸ் ஒன்றில், பழைய கோட் பேஜுக்கு ஒத்துவரும் கோட் பேஜைக் குறித்து, ரெபாசிட்டரி சர்வீஸை எக்ஸ்க்ளுசிவ் முறையில் ஓடவிட்டு, ரெஸ்டோர் கட்டளையை இட்டால் சில நிமிஷங்களிலோ சில மணிகளிலோ காரியம் முடிந்துவிடுகிறது. கட்டளை முடிந்த இடத்தில்தான் யோசனை தொடங்க வேண்டும்.

உதாரணமாக, கையிலுள்ள பிரதி ஞாயிறு காலை எடுத்தது என்றும், டேட்டாபேஸ் பழுதானது புதன் மாலை என்றும் வைத்துக்கொள்வோம். பிரதியில் வாடிக்கையாளர் டேபிளுக்கான சீக்வென்ஸ் 50,000 வரை கொடுத்து நிற்கிறது. இடையில் நடந்த ஏற்றங்களால் கிடங்கில் அது 62,400 வரை போய்விட்டது. மீட்ட களஞ்சியத்தை அப்படியே ஓடவிட்டால், புதன் இரவு வரும் முதல் புதிய வாடிக்கையாளருக்கு 50,001 என்ற எண் கிடைக்கும். அந்த எண்ணோ திங்களன்றே வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. டேபிளுக்குப் பிரைமரி கீ இருந்தால் செஷன் பிழையோடு நிற்கும், இது அதிர்ஷ்டம். வேகத்தின் பொருட்டு அதை நீக்கி வைத்திருக்கும் கிடங்குகள் ஏராளம். அவற்றில் எந்தப் பிழையும் தோன்றாமல், ஒருவர் வாங்கியவை மற்றவர் கணக்கில் சேர்ந்து, மாத இறுதி அறிக்கையில் யாரோ ஒரு கணக்கர் கூட்டிப் பார்க்கும்போதுதான் விஷயம் வெளிவரும். வேரியபிளின் கதையும் இதே விதம். அதன் ஞாபகத்தில் கடைசியாக எடுத்த தேதி சனிக்கிழமை ஆதலால், ஞாயிறு முதல் எடுத்த வரிகளையெல்லாம் மறுபடி எடுத்து, இன்செர்ட் மட்டும் செய்யும் டேபிள்களில் இரட்டிப்பாக்கிவிடும்.

ஆகவே மீட்டபின், செஷன்களை ஓட்டும் இன்டெக்ரேஷன் சர்வீஸை உடனே ஓடவிடலாகாது. ஒவ்வொரு இலக்கு டேபிளிலும் உள்ள மிகப் பெரிய கீயைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, டிசைனரில் அந்தந்த சீக்வென்ஸின் கரண்ட் வேல்யூவை அதைத் தாண்டிய எண்ணாக மாற்ற வேண்டும். வேரியபிள்களுக்கு இன்னும் எளிய உபாயம் உண்டு: களஞ்சியத்தில் சேமித்த மதிப்பைவிடப் பாராமீட்டர் கோப்பில் கொடுத்த மதிப்புக்கே முன்னுரிமை என்பது பவர்சென்டரின் விதியாதலால், சரியான தேதியைக் கோப்பில் எழுதி முதல் ஓட்டத்தை நடத்திவிடலாம். ஓட்டம் முடிந்தபின் அந்த வரியைக் கோப்பிலிருந்து நீக்க வேண்டும். மறந்தால் அதே விதியின்படி நாள்தோறும் அதே தேதியிலிருந்தே எடுத்துக்கொண்டிருக்கும். எந்தெந்த மேப்பிங்கில் சீக்வென்ஸ் உண்டு, எதில் வேரியபிள் உண்டு, அவை எந்த டேபிளைச் சேர்ந்தவை என்ற பட்டியலை விபத்து நாளில் தேடத் தொடங்கினால் விடியாது. அமைதியான ஒரு நாளில் தயாரித்து, ஒவ்வொரு டிப்ளாய்மென்ட்டின்போதும் திருத்தி வர வேண்டும்.

டேட்டாபேஸ் நிர்வாகி புதன் மாலை வரைக்கும் கொண்டுவந்து கொடுத்துவிட்டால் இந்தச் சங்கடம் ஏதும் இல்லையே என்று கேட்கலாம். இயந்திரம் கெட்ட விபத்துக்கு அது உண்மை. மனிதர் செய்த விபத்து வேறு வகை. ஒரு டெவலப்பர் திங்களன்று ஒரு ஃபோல்டரைத் தவறாக நீக்கிவிடுகிறார். வெர்ஷன் வசதி உள்ள களஞ்சியத்திலும் ஃபோல்டர் நீக்கம் என்பது நிரந்தர நீக்கமே. வியாழனன்றுதான் அது தெரியவருகிறது. இதற்காகக் களஞ்சியம் முழுவதையும் ஞாயிற்றுக்கிழமைக்குத் திருப்புவது, மற்ற எல்லா ஃபோல்டர்களின் நடப்பு நிலையையும் கெடுத்துக்கொள்வதாகும். இங்கேதான் ரெப் கோப்பு கை கொடுக்கிறது: அதை வேறொரு காலி டேட்டாபேஸில் மீட்டு, அங்கிருந்து அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் ரெபாசிட்டரி மேனேஜரால் நகலெடுத்து வரலாம். வேரியபிள் மதிப்புகளையும் சீக்வென்ஸ் எண்களையும் கூடவே கொண்டுவரவா என்று அது கேட்கும். இந்த நிலையில் ‘ஆம்’ என்று சொல்லிவிட்டு, பிறகு கிடங்கோடு ஒப்பிட்டுத் திருத்துவதே நல்லது; ‘இல்லை’ என்றால் அவை ஆரம்ப மதிப்புக்கே போய்விடும்.

மீட்டுப் பார்க்காத பிரதியின் தன்மையை அறிய, 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் ஸ்தாபனத்தில் நடந்ததை நினைவுகூர்வது தகும். இரவில் களைத்துப்போன ஒரு பொறியாளர், இரண்டாம் சர்வரில் இருப்பதாக நினைத்துக்கொண்டு முதன்மை டேட்டாபேஸ் சர்வரின் டைரக்டரியை அழித்துவிட்டார். தினசரிப் பிரதியைத் தேடியபோது அது இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது. டேட்டாபேஸோ போஸ்ட்கிரெஸ் 9.6; பிரதி எடுக்கும் நிரலோ 9.2; பதிப்பு ஒவ்வாததால் பிரதி முயற்சி தோல்வியுற்றுக்கொண்டே இருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களைப் பெறும் சர்வர் கையொப்பம் இல்லையென்று திருப்பிவிட்டதால் அது ஒருவர் காதிலும் விழவில்லை. அதே பொறியாளர் சுமார் 6 மணி நேரத்துக்கு முன் வேறொரு காரியத்துக்காக எடுத்த ஸ்னாப்ஷாட்டைக் கொண்டே பிழைத்தார்கள். இடைப்பட்ட நேரத்துப் பதிவுகள் போனவை போனவையே. இதையெல்லாம் அந்த ஸ்தாபனம் ஒளிக்காமல் பகிரங்கமாக எழுதி வைத்தது பெரிய உபகாரம்.

ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் பிரதியை ஒரு தனி டேட்டாபேஸில் மீட்டுப் பரீட்சிக்க வேண்டும். ஃபோல்டர்கள் வந்தனவா என்று எண்ணிப் பார்ப்பதோடு நிற்காமல், ஒரு சாதாரண வொர்க்ஃப்ளோவைப் பரிசோதனை டேட்டாபேஸை நோக்கித் திருப்பி ஓட்டியும் பார்க்க வேண்டும். ஆனால் இந்தப் பரீட்சையே ஒரு விபத்தாகிவிடும் வாய்ப்பு உண்டு. மீட்ட களஞ்சியத்தில் நேர அட்டவணைகள் அப்படியே இருக்கும். இணைப்புகள் அசல் கிடங்கையே சுட்டிக்கொண்டிருக்கும். மின்னஞ்சல் அனுப்பும் டாஸ்குகளும் உயிரோடிருக்கும். அதற்கு ஓர் இன்டெக்ரேஷன் சர்வீஸை இணைத்துச் சாதாரண முறையில் எழுப்பினால், இரவு 1 மணிக்கு நிஜமும் நகலும் ஒரே கிடங்கில் ஒருசேர ஏற்றத் தொடங்கும். அதனால் சர்வீஸை முதலில் சேஃப் மோடில் எழுப்ப வேண்டும். அந்த முறையில் அட்டவணைப்படி எதுவும் தானாக ஓடாது. பிறகு பிஎம்ரெப்பின் அப்டேட்கனெக்‌ஷன் கட்டளையால் ஒவ்வொரு இணைப்பையும் பரிசோதனை டேட்டாபேஸுக்கு மாற்றி, அட்டவணைகளை நீக்கிய பின்பே மேற்கொண்டு செல்லலாம். கூடுமானால் அந்த இயந்திரத்திலிருந்து அசல் கிடங்குக்கான வலைப்பின்னல் பாதையையே அடைத்துவிடும்படி சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுக்கொள்வது இன்னும் நிம்மதி. பரீட்சை முடிந்ததும், மீட்புக்குப் பிடித்த நேரத்தையும் சந்தித்த தடங்கல்களையும் நடைமுறைக் குறிப்பில் தேதியிட்டு எழுதிவிட்டு, அசல் இணைப்புகளின் பாஸ்வேர்டுகளைச் சுமந்துவந்த அந்த நகல் களஞ்சியத்தை அன்றே அழித்துவிட வேண்டும்.